துருவில் கை வைக்கும் முன்: வாசகர் கேள்வி பதில்

கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்தாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் துருதான் முன்னால் நிற்கும். இந்த முறையும் அப்படியே. அதனால் மைலேஜ், டயர், ஏசி கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, துரு சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 9 வருட ஹேட்ச்பேக், வெள்ளை. கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. பின் சக்கர வளைவுக்கு மேலே ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சின்னதாகப் பெயிண்ட் உப்பியிருக்கிறது, ஓரத்தில் காவி நிறம் தெரிகிறது. பட்டறையில் கேட்டால் அந்தப் பக்கம் முழு பேனலும் அடிக்கணும் என்கிறார்கள். வீட்டிலேயே நானே சரி செய்ய முடியுமா?
– வாசகர், திருவான்மியூர்

பதில்: முடியும். ஆனால் எது முடியும் என்பதை முதலில் பேசிக்கொள்வோம். துரு மேலும் பரவாமல் நிறுத்துவது வீட்டில் தாராளமாக முடியும். பொறுமை இருந்தால் பட்டறையை விட நன்றாகவே முடியும், ஏனென்றால் உள்ளங்கை அளவு இடத்துக்காக அரை நாள் உட்கார்ந்து தேய்க்க எந்தப் பட்டறையிலும் ஆள் கிடையாது. அந்த இடமே தெரியாதபடி பெயிண்ட் அடிப்பது வேறு விஷயம், அது கலர் கலப்பவரின் கண்ணும் ஸ்ப்ரே கன் பிடிக்கும் கையும் சேர்ந்த வேலை. பட்டறைக்காரர் முழு பேனலும் அடிக்கணும் என்று சொன்னதில் ஏமாற்று எதுவும் இல்லை. நடுவில் ஒட்டுப் போட்டால் புதுப் பெயிண்டும் பழையதும் சேரும் கோடு தெரியும், அந்தக் கோட்டைப் பேனலின் விளிம்புக்குத் தள்ளத்தான் முழுசாக அடிக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது துரு நிற்பதா, தடம் மறைவதா என்று முடிவு செய்துகொண்டு உப்புத்தாளை எடுங்கள். 9 வருஷ வண்டிக்கு முதலாவது போதும் என்பது என் கட்சி.

பெயிண்ட் ஏன் உப்புகிறது? இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். மேலே போர்த்தியிருக்கும் பெயிண்டைத் தூக்கினால்தான் அதற்கு அந்த இடம் கிடைக்கும். கம்பெனியில் அடித்த பெயிண்ட், அடியில் இருக்கும் பூச்சிலிருந்து மேலே பளபளக்கும் கிளியர் கோட் வரை எல்லாம் சேர்த்து, சுமார் 100 முதல் 120 மைக்ரான்தான், ஒரு ஏ4 தாளின் கனம். ஒரு கல் தெறித்து அந்தத் தாளில் ஓட்டை விழுந்தால் ஈரமும் உப்பும் அதன் வழியே இறங்கி, மேலே ஒன்றும் தெரியாமல் பக்கவாட்டில் பரவும். ஆகவே நீங்கள் பார்க்கும் உப்பல் துருவின் முழு அளவு இல்லை. சுரண்டினால் அது இரண்டு மூன்று மடங்கு பெரிசாகத்தான் தெரியும். அப்போது பயந்து நிறுத்திவிடாதீர்கள், ஏற்கெனவே இருந்ததுதான் வெளியே வந்திருக்கிறது.

முதலில் ஒரு பரிசோதனை. சக்கரத்துக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் உறை இருந்தால் கழற்றி, டார்ச் அடித்து அதே இடத்தை உள்ளிருந்து பாருங்கள். உள்ளேயும் காவி ஏறியிருந்தால், அல்லது ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தும்போது தகடு நொறுநொறுவென்று உள்ளே போனால், இது வீட்டு வேலை இல்லை. தகட்டை வெட்டி வெல்டு வைக்கும் வேலை, டிங்கரிங் பட்டறைக்குப் போய்விடுங்கள். உள்ளே மண் அப்பி ஈரம் நின்றிருந்தால் அந்த மண்ணை எடுக்காமல் வெளியே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் அடுத்த ஐப்பசி தாண்டாது. உள்பக்கம் சுத்தம், தகடு திடமாக இருக்கிறது என்றால் ஆரம்பிக்கலாம்.

வாங்க வேண்டியவை: 80, 180, 320, 600, 1000, 2000 நம்பர்களில் உப்புத்தாள், மாஸ்கிங் டேப், எபாக்ஸி பிரைமர், உங்கள் வண்டிக் கலரில் சின்ன ஸ்ப்ரே டப்பாவோ டச்-அப் பாட்டிலோ, கிளியர் கோட், ரப்பிங் காம்பவுண்ட், துடைக்க ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கையுறை கட்டாயம், கை வியர்வையே உப்புத் தண்ணீர்தானே, தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பில் விரல் வைத்தால் அந்த ரேகையிலேயே துரு ஆரம்பிக்கும்.

நாள் பார்ப்பது முக்கியம், நல்ல நேரத்துக்காக இல்லை, ஈரத்துக்காக. பனி காய்ந்தபின் காலை ஒன்பது மணி வாக்கில் தொடங்குங்கள். சென்னையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும், அதோடு உப்பும் வரும். வெறும் இரும்பை அந்தக் காற்றில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மேலே மஞ்சள் பூத்திருக்கும், செய்த வேலை அத்தனையும் வீண். ஆகவே தேய்ப்பதும் பிரைமர் அடிப்பதும் ஒரே நாளில், முடிந்தால் ஒரே காலைப் பொழுதில். வெயிலில் நின்று சுடும் தகட்டிலும் அடிக்கக் கூடாது, பெயிண்ட் மேலே மட்டும் காய்ந்து உள்ளே தின்னர் மாட்டிக்கொண்டு கொப்புளம் வரும். நிழலில் நிறுத்துங்கள், கை வைத்தால் சூடு தெரியக் கூடாது.

ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிட்டு, புள்ளியைச் சுற்றி உள்ளங்கை அளவு இடம் விட்டு டேப் ஒட்டுங்கள். 80 நம்பர் தாளால் துருவைத் தேய்க்க ஆரம்பியுங்கள். இந்த ஒரு கட்டத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். டிரில்லில் மாட்டும் கம்பி பிரஷ்ஷை நம்பாதீர்கள், அது துருவை எடுப்பதை விடத் துருவுக்கே பாலிஷ் போட்டுவிடும், பார்க்க இரும்பு மாதிரியே மின்னும், ஆனால் அடியில் இருப்பது துரு. நன்றாக உற்றுப் பார்த்தால் மின்னும் தகட்டில் கடுகு மாதிரி கறுப்புப் புள்ளிகள் தெரியும். அது குழிக்குள் தங்கிய துரு. தாள் அந்தக் குழிக்குள் போகாது, ஒரு கூர்மையான ஊசியாலோ மெல்லிய உளி முனையாலோ ஒவ்வொன்றாகக் கிளறுங்கள். எல்லாப் பக்கமும் நல்ல பெயிண்ட் தகட்டோடு ஒட்டிப் பிடித்திருக்கும் இடம் வரும் வரை தேய்க்கணும். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினால் பெயிண்ட் பிரிந்து வருகிறதா, அப்படியானால் இன்னும் போகணும் என்று அர்த்தம்.

என்ன செய்தும் சில குழிகளில் கறுப்பு போகவில்லை என்றால் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று விற்கும் திரவம் உதவும். பெரும்பாலும் அதில் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கறுத்த, அசையாத ஒரு படலமாகிவிடும். ஆனால் அது குழியில் தங்கிய மெல்லிய துருவுக்குத்தான், பொருக்குப் பொருக்காக நிற்கும் துருவின் மேல் பூசிவிட்டு வேலை முடிந்தது என்று கை கழுவுவதற்கு இல்லை. வெறும் பாஸ்பாரிக் அமில வகை என்றால் பாட்டிலில் சொன்ன நேரம் வைத்து, கழுவி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்திவிடுங்கள். அமில மிச்சத்தின் மேல் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது.

அப்புறம் 180, 320 என்று ஏறி, பெயிண்டின் விளிம்பைச் சரிவாக்குங்கள். கண்ணை மூடி விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. பெயிண்ட் பட்டறையில் பெரியவர்கள் கண்ணை விட விரலைத்தான் நம்புவார்கள், அதில் காரணம் இருக்கிறது, ஈரமான வெள்ளைப் பெயிண்டில் படி கண்ணுக்குத் தெரியாது, காய்ந்ததும்தான் வட்டமாக எழுந்து நிற்கும்.

ஆல்கஹாலால் துடைத்துவிட்டு பிரைமர். இங்கே எபாக்ஸி என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண சாம்பல் நிற பிரைமர் தேய்ப்பதற்கு வசதியாகச் செய்யப்பட்டது, நுண்ணிய துளைகள் உள்ளது, ஈரத்தை உறிஞ்சும். அதை அடித்துவிட்டு "கலர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு மாதம் ஓட்டுகிறவர்களின் வண்டியில் பிரைமருக்கு அடியிலேயே துரு கிளம்பியிருக்கும். எபாக்ஸி ஈரத்தை விடாது. இரண்டு பாகம் கலந்து அடிக்கும் வகை என்றால் கடைக்காரர் சொன்ன விகிதத்தை மாற்றாதீர்கள், கலந்ததை அன்றே தீர்த்துவிடணும். ஸ்ப்ரே டப்பா என்றால் இரண்டு நிமிஷம் குலுக்கி, ஒரு சாண் தூரத்தில், மெல்லிசாக இரண்டு மூன்று முறை. ஒரே முறையில் மூடிவிடலாம் என்று நினைத்தால் ஒழுகும்.

குழி ஆழமாக இருந்தால் இந்த எபாக்ஸி காய்ந்தபின் அதன் மேல் பட்டி, அதாவது குழியை நிரப்பும் பசை, மெல்லிசாக இழுக்கலாம். வெறும் துரு மேல் பட்டி வைப்பது, எம்-சீல் அப்புவது இரண்டும் வேண்டவே வேண்டாம். பாலியஸ்டர் பட்டியும் ஈரம் உறிஞ்சும், அதை இரும்போடு நேரே ஒட்டவிடாமல் நடுவில் எபாக்ஸி இருப்பது நல்லது.

காய்ந்த பிரைமரை 600 நம்பரால் லேசாகத் தேய்க்கணும், உலர்வாக. நம் ஊர் பெயிண்டர்கள் தண்ணீர் ஊற்றித்தான் தேய்ப்பார்கள், அவர்கள் அதற்கப்புறம் வெயிலில் நன்றாகக் காயவிடுவார்கள், உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்குமா என்று தெரியாததால் உலர்வாகவே தேய்க்கச் சொல்கிறேன்.

கலருக்கு வருவோம். வெள்ளை என்று கடையில் கேட்டால் பத்து வெள்ளை காட்டுவார்கள். வண்டியின் கலர் கோடு, அதாவது கலரின் குறியீட்டு எண், எஞ்சின் அறையில் ஒட்டிய தகட்டிலோ கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ இருக்கும். மாருதியில் சுப்பீரியர் ஒயிட் 26யூ, அது வெறும் வெள்ளை. அதே கம்பெனியின் பேர்ல் ஆர்க்டிக் ஒயிட் வேறு, உள்ளே முத்து மினுக்கு கலந்தது. முதல் வகை உங்களுடையது என்றால் அதிர்ஷ்டம், வீட்டில் அடிக்க இதை விட எளிய கலர் கிடையாது. மெல்லிசாக மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் பதினைந்து நிமிஷம் விடுங்கள். கடைசி கோட்டை டேப் விளிம்பு வரை கொண்டுபோகாமல் உள்ளேயே மங்கலாக விட்டால் கோடு அவ்வளவு தெரியாது. மேலே கிளியர் இரண்டு கோட்.

கிளியரில் இரண்டு வகை. டப்பாவைக் குலுக்கி அப்படியே அடிப்பது ஒன்று. ஹார்ட்னர் என்னும் இறுக வைக்கும் திரவம் கலந்த 2கே வகை இன்னொன்று, அது கெட்டி, பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு நேரடிக் கேடு, துணி மாஸ்க்கும் மூக்கில் கட்டும் கைக்குட்டையும் அதைத் தடுக்காது. சரியான கார்ட்ரிட்ஜ் முகமூடி இல்லாமல், மூடிய போர்டிகோவில், அதுவும் பக்கத்தில் குழந்தைகள் நிற்கும்போது அதைத் தொடாதீர்கள். உங்கள் அளவு வேலைக்குச் சாதாரண வகையே போதும். பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் வரும் புள்ளிக்கு மட்டும் 2கே தேவைப்படும், அதைப் பட்டறையிலேயே கொடுத்து அடித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரம் வண்டியை அப்படியே விடுங்கள். அப்புறம் தண்ணீர் தொட்டு 1000, 2000 நம்பர் தாளால் மேட்டை மட்டும் சமமாக்கி, ரப்பிங் காம்பவுண்டால் பளபளப்பு வரும் வரை கையாலேயே தேயுங்கள். மெழுகு பாலிஷ் ஒரு மாதம் கழித்து. அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: டேஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் சிலிக்கான் பாலிஷ்ஷை இந்த வேலை நடக்கும் நாட்களில் வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். அதன் ஒரு துளி தகட்டில் பட்டால் போதும், பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் மீன் கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும்.

கேள்வி: புளி கரைத்துத் தேய்த்தால் துரு போகும் என்கிறார் மாமனார். என் தம்பி கோலா ஊற்றச் சொல்கிறான். மெக்கானிக் டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: மூன்று பேரும் பாதி சரி. புளியில் டார்டாரிக் அமிலம், கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், மூன்றும் துருவைக் கரைக்கத்தான் செய்யும். கழற்றி எடுத்த நட்டு, போல்ட்டு, ஸ்பானர் என்றால் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் தடவுங்கள், நன்றாக வரும். வண்டியின் உடம்பில் வேண்டாம். அங்கே ஊற வைக்க முடியாது, வழிந்து தகடுகள் சேரும் மடிப்புக்குள் இறங்கும், அங்கிருந்து அமிலத்தையும் சர்க்கரையையும் கழுவி எடுக்க வழியே இல்லை. டபிள்யூடி-40 துருவை மாற்றாது, ஈரத்தைத் தள்ளிவிட்டுக் கொஞ்ச நாள் மேலே ஒரு எண்ணெய்ப் படலமாக இருக்கும், அவ்வளவே. அதை அடித்த இடத்தில் பின்னால் பெயிண்ட் போடப்போகிறீர்கள் என்றால் எண்ணெய்ப் பசை சுத்தமாகப் போகும் வரை துடைக்கணும்.

மாமனாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், குத்துவிளக்குக்குப் புளிதான்.

உங்கள் ஊருக்கு இன்னொன்று. உப்பளக் காற்றை மாற்ற முடியாது, ஆனால் கழுவும் தண்ணீரை மாற்றலாம். தினமும் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் வண்டியைக் கழுவி அப்படியே வெயிலில் காயவிடுகிறவர்கள் நிறைய. தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் கதவு மடிப்பிலும் டிக்கி விளிம்பிலும் தங்கிவிடும். போர் தண்ணீரில் கழுவினாலும் கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, துணியால் ஒற்றி எடுங்கள். தினமும் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை.

கேள்வி: வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத வெள்ளைக் கார். பானெட், கூரை முழுக்க ஊசி முனை அளவில் ஆரஞ்சுப் புள்ளிகள். வீடு ரயில்வே லைனை ஒட்டி. கம்பெனி துருப்பிடித்த தகட்டை மாட்டிவிட்டதா?
– வாசகர், ஈரோடு

பதில்: உப்புத்தாளைக் கீழே வையுங்கள். இது உங்கள் வண்டித் தகட்டின் துரு இல்லை. ரயில் பிரேக் பிடிக்கும்போதும் சக்கரம் தண்டவாளத்தில் உரசும்போதும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள் பறக்கும், அது வண்டி மேல் உட்கார்ந்து, கிளியர் கோட்டில் ஒட்டிக்கொண்டு, மழையில் நனைந்து அங்கேயே துருப்பிடிக்கிறது. கிரில் பட்டறை, வெல்டிங் கடைக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளுக்கும் இதே கதைதான். கறுப்பு வண்டியிலும் இது இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெள்ளை காட்டிக்கொடுக்கிறது.

எப்படி உறுதி செய்வது? பெயிண்ட் உப்பியிருக்காது, நகத்தால் தடவினால் மேலே சொரசொரவென்று தட்டும். அயர்ன் ரிமூவர் என்று கார் பராமரிப்புக் கடைகளில் ஒரு திரவம் கிடைக்கும், அடித்தால் இரும்புத் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும். நாற்றம் அழுகின முட்டை மாதிரி, தெருவே திரும்பிப் பார்க்கும், அதற்குத் தயாராக இருங்கள். நிழலில், குளிர்ந்த தகட்டில் அடித்து, காய்வதற்குள் கழுவிவிடணும். மிச்சம் இருப்பதை கிளே பார் என்னும் களிமண் போன்ற கட்டியால், சோப்புத் தண்ணீர் தெளித்து வழுக்கியபடி எடுக்கலாம். கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஒட்டின மணல் கீறிவிடும்.

கேள்வி: கேட்டுக்கு அடித்த ரெட் ஆக்சைடு அரை டப்பா மிச்சம் இருக்கிறது. காரில் துரு எடுத்த இடத்துக்கு அதையே பிரைமராக அடிக்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். அது எனாமல் பெயிண்டுக்கு ஜோடி. அதன் மேல் கார் பெயிண்ட் அடித்தால் அதிலுள்ள காரமான தின்னர் ரெட் ஆக்சைடைக் கிளப்பி, சுருக்கம் சுருக்கமாக்கிவிடும். மறுபடி ஜன்னல் கம்பிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சில்வர் கலர் வண்டி. கலர் கோடு சரியாகப் பார்த்துத்தான் டச்-அப் பாட்டில் வாங்கினேன், கதவில் வைத்தால் சாம்பல் பொட்டு மாதிரி தெரிகிறது. கடைக்காரர் தப்பான பாட்டில் கொடுத்துவிட்டாரா?
– வாசகர், மதுரை

பதில்: பாட்டில் சரியாகவே இருக்கலாம். சில்வரில் இருப்பது பொடிப் பொடியான அலுமினியத் தகடுகள். ஸ்ப்ரேயில் அடிக்கும்போது அவை படுத்த வாக்கில் அமைந்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பிரஷ்ஷால் வைத்தால் தாறுமாறாக நிற்கும், அதனால் அதே பெயிண்ட் இருட்டாகத் தெரிகிறது. ஒரு பக்கம் நின்றால் வெளுப்பு, இன்னொரு பக்கம் நின்றால் கறுப்பு என்று மாறுவதும் இதனால்தான். அதோடு கூரை வெயிலில் வெளுத்த வண்டிக்குக் கம்பெனி கலரே பொருந்தாது.

செய்யக்கூடியது: பாட்டிலை நன்றாகக் குலுக்கி, கூடவே வரும் தடித்த பிரஷ்ஷை விட்டுவிட்டு, பல் குத்தும் குச்சி முனையால் கீறலுக்குள் மட்டும் நிரப்புங்கள். ஓரத்துக்கு வெளியே ஒரு துளியும் வேண்டாம். மெல்லிசாக, ஒன்று காய்ந்து இன்னொன்று. கீறல் குறுகலாக இருந்தால் கண் ஏமாறும். நாணய அளவுக்கு மேல் போன இடத்தை சில்வரில் வீட்டில் மறைக்க முயல்வது நேர விரயம், எபாக்ஸி வரை நீங்கள் செய்துவிட்டு கலரைப் பட்டறையில் விடுங்கள். துருவை யார் எடுத்தார்கள் என்று உங்களுக்கே தெரியும் என்பதால் அப்படிச் செய்வதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது.

கேள்வி: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. எஞ்சின், சீட்டு எல்லாம் சரி செய்துவிட்டோம். இப்போது நாலு கதவுக்கும் அடி விளிம்பில் வரிசையாக உப்பல். ஒவ்வொன்றாகத் தேய்த்து அடித்தும் மறுபடி வருகிறது.
– வாசகி, வேளச்சேரி

பதில்: வரத்தான் செய்யும், ஏனென்றால் துரு உள்ளிருந்து வருகிறது. கதவு என்பது இரண்டு தகடுகளை விளிம்பில் மடித்துச் சேர்த்த ஒரு பை. கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக ஒவ்வொரு மழையிலும் உள்ளே தண்ணீர் இறங்கும், அது வெளியேறுவதற்காக அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் அந்த ஓட்டைகளைச் சேறு அடைத்துவிடும். அப்புறம் வரும் மழைத் தண்ணீர் எல்லாம் மடிப்புக்குள்ளேயே நிற்கிறது.

கதவைத் திறந்து அடிப்பக்கம் கையால் தடவுங்கள், ஓட்டைகள் தட்டுப்படும். மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டையால் குத்தித் திறங்கள், கம்பி வேண்டாம், இருக்கும் பெயிண்டையும் கீறிவிடும். கறுப்புத் தண்ணீரும் சேறும் கொட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். முடிந்தால் கதவின் உள் பேடைக் கழற்றி, உள்ளே நல்ல தண்ணீர் விட்டு அலசி, கதவைத் திறந்தபடி இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள். முழுசாகக் காய்ந்தபின் கேவிட்டி வாக்ஸ் என்னும் மெழுகுத் திரவத்தை நீளக் குழாய் வைத்து மடிப்பு முழுக்க அடிக்கணும், ஓட்டைகள் மறுபடி அடைபடாமல் பார்த்துக்கொள்ளணும். இத்தனையும் முடிந்த பிறகு வெளியே உப்பியதைத் தேய்த்து அடியுங்கள். மடிப்பு ஏற்கெனவே அரித்துப் போயிருந்தால் இது துருவை நிறுத்தாது, வேகத்தைக் குறைக்கும். அதுவே சில வருஷம் கொடுக்கும்.

கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியையும் தட்டிப் பாருங்கள். மொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே சேறு. அந்தப் பகுதி வண்டியின் பலத்துக்கு உள்ள தகடு, அங்கே ஓட்டை விழுந்தால் பட்டியும் பெயிண்டும் போட்டு மறைப்பது ஆபத்து.

கேள்வி: துருவுக்கு இன்ஷூரன்ஸ் கிளெய்ம் செய்யலாமா? ஏஜென்ட் "பார்த்துக்கலாம் சார்" என்கிறார்.
– வாசகர், சேலம்

பதில்: தேய்மானமும் காலப்போக்கில் வரும் கேடும் மோட்டார் பாலிசியில் சேராது, துரு அதில்தான் வரும். "இடித்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துப் பேனல் அடித்துக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் ஏஜென்ட் பேசுகிறார் என்றால், அது பொய்த் தகவல் கொடுப்பது. கணக்கும் உதைக்கும். கிளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் ஆரம்பித்து ஐந்தாம் வருஷத்தில் 50 சதவீதம் வரை ஏறும் நோ கிளெய்ம் போனஸ் என்னும் பிரீமியத் தள்ளுபடி மொத்தமாகப் போய்விடும். ஒரு புள்ளிக்காக அதை விடுவீர்களா?

கேள்வி: குமரி மாவட்டத்தில் இருக்கிறேன், இரண்டு பருவமழையும் உண்டு. அடிப்பகுதிக்கு ஆன்டி-ரஸ்ட் கோட்டிங் போடச் சொல்கிறார்கள். இங்குள்ள சர்வீஸ் ஸ்டேஷனில் டீசல் ஸ்ப்ரே அடித்தால் போதும் என்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: டீசல் வேண்டாம். இரண்டு மழையில் கழுவிப் போய்விடும், அதற்குள் தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அடியில் உள்ள ரப்பர் புஷ்களையும் ஊற வைத்துக் கெடுக்கும். ரப்பர் கோட்டிங் புது வண்டிக்கு, சுத்தமான தகட்டில், காய்ந்த நாளில் அடித்தால் பிரயோஜனம்தான். பழைய வண்டியில் இருக்கும் துருவை எடுக்காமல் அதன் மேலேயே கறுப்பாக அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது துருவுக்குக் கூரை போட்டுக் கொடுக்கிற வேலை, விளிம்பில் பிரிந்த இடம் வழியே ஈரம் ஏறி உள்ளே நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அடிக்கும் முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி, துரு எடுத்ததைக் காட்டிவிட்டு அடியுங்கள் என்று சொல்லுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை.

கேள்வி: பழைய கார் வாங்கப் போகிறேன். துருவைப் பட்டி போட்டு மறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். சக்கர வளைவு, கதவு அடி, டிக்கி விளிம்பு ஆகிய இடங்களில் ஓட்டிப் பார்த்தால், மற்ற இடத்தில் பிடித்த காந்தம் ஓரிடத்தில் மட்டும் பிடியை விட்டால் அங்கே கனமாகப் பட்டி இருக்கிறது. பம்பரில் வைத்துப் பார்த்துவிட்டுப் பதறாதீர்கள், அது பிளாஸ்டிக். சில வண்டிகளில் முன் ஃபெண்டரும் பிளாஸ்டிக்காக இருக்கும், அதனால் வலம் இடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அதன் அடியையும் பார்க்கணும், விற்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் குழியைத் துடைக்க மறந்துவிடுவார்கள்.

கேள்வி: கல் தெறித்துப் பெயிண்ட் போன இடத்தில் நெயில் பாலிஷ் வைத்துவிட்டேன். வீட்டில் சிரிக்கிறார்கள். தப்பா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: சிரிக்கட்டும். நெயில் பாலிஷும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான், ஒரு காலத்தில் கார்களுக்கு அடித்த பெயிண்டின் சொந்தக்காரன். மழைக்கு முன் வெறும் தகட்டை மூடிவைக்க, நிறமில்லாத நெயில் பாலிஷ் சில வாரங்களுக்கு உதவும். வெயிலில் மஞ்சளாகி உரியும், அதற்குள் டச்-அப் பாட்டில் வாங்கிவிடுங்கள். எடுக்கும்போது மட்டும் ரிமூவரைப் பஞ்சில் நனைத்து அந்தப் பக்கம் போகாதீர்கள். அதில் இருக்கும் அசிட்டோன் சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் மங்கலாக்கிவிடும், நகத்தாலேயே உரித்துவிடுங்கள்.